கையெழுத்திட மறுத்த அக்காவுக்கு விமானக் கொட்டகைப் பணியாளர்கள் வாசித்தளித்த மடல்

முப்பத்து நான்கு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் முன்னின்று உழைத்தவரே, திருகாணி ஒன்றையேனும் திரும்பிப் பார்க்காமல் 'தீர்ந்தது வேலை' என்று சொல்லாதவரே, இறக்கைக்கு அடியில் படுத்தும் இயந்திரத்துக்குள் தலைவிட்டும் இரும்பின் இருமலைக் காதால் கேட்டே கண்டுபிடித்தவரே, பறந்து போனவை பத்திரமாய்த் தரைதொடும் வரை பதற்றத்தைப் பிறருக்குக் காட்டாத பண்பின் பெட்டகமே, எங்கள் தலைமைப் பராமரிப்புப் பொறியாளரே, எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் அக்கா அவர்களே! வணக்கம்.

முதல் பத்தியை வழக்கப்படி எழுதிவிட்டோம். இதற்கே நீங்கள் நாற்காலியில் நெளிவீர்கள் என்று எழுதும்போதே எங்களுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமா, அதாவது உங்கள் கணவர், சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவார் என்பதும் தெரியும். பள்ளிப் பேருந்தை முப்பது ஆண்டுகள் நிமிடம் பிசகாமல் ஓட்டிய மனிதர் அவர். உங்களுக்காகக் காத்திருந்து காத்திருந்து வீட்டில் மட்டும் ஒரு நாளும் நேரத்துக்குச் சாப்பிட்டதில்லை. இந்தப் பாராட்டில் பாதியை அவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

'தாங்கள்' என்று எழுதினால்தான் மடலுக்கு அழகு என்று கிடங்கு எழுத்தர் சொன்னார். அப்படியும் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தோம். விலாசம் கேட்டு வந்த யாரோ ஒருவரிடம் பேசுவதுபோல இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு 'நீங்கள்' என்றே எழுதியிருக்கிறோம்.

உங்கள் பணி ஓய்வு விழாவுக்கு மடல் எழுதப் போகிறோம் என்று தெரிந்ததும் மனிதவளத் துறையிலிருந்து எங்களுக்கு ஒரு குறிப்பு வந்தது. நிறுவனத்தின் இந்த ஆண்டு நிதிநிலை முடிவுகளையும் புதிய விமானங்கள் வாங்கும் திட்டத்தையும் மடலில் சிறப்பாகக் குறிப்பிடலாமாம். 'கடந்த கால நிகழ்வு ஒன்றை' மட்டும் தவிர்த்துவிட வேண்டுமாம். பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் அல்லவா? முதல் பாதியை அப்படியே கேட்கிறோம்.

நம் நிறுவனம் இந்த ஆண்டு லாபம் ஈட்டியிருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் லாபம். தலைவர் போன வாரம் மேடையில் நின்று அதை அறிவித்தபோது பின்னால் இருந்த பெரிய திரையில் ஒரு புத்தம் புதிய விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஐந்து ஆண்டுகளில் இருபத்து நான்கு புதிய விமானங்கள் வரப்போகின்றன. பழைய பதினெட்டும் விடைபெறும். எரிபொருளில் ஆறில் ஒரு பங்கு மிச்சமாகும். எங்களுக்கும் மகிழ்ச்சிதான். பழைய விமானங்களின் மூட்டுவலி எங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் லாபத்துக்கான காரணங்களை ஆண்டறிக்கையில் தேடிப் படித்தோம். வலுவான பயணிகள் வரத்து, கட்டுப்பாடான செலவு, தொலைநோக்குள்ள தலைமை என்று மூன்று காரணங்கள் இருந்தன. நான்காவது ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைத்தான் தவிர்க்கச் சொன்னார்கள். அதைத்தான் இப்போது சொல்லப் போகிறோம்.

அக்கா, கொஞ்ச நேரம் உங்களை விட்டுவிட்டு அவையின் பக்கம் திரும்புகிறோம். எழுந்து வந்து தாளைப் பிடுங்க வேண்டாம். எங்களிடம் இன்னும் இரண்டு படிகள் இருக்கின்றன.

அவையோரே, முந்தைய நிதியாண்டின் கடைசி நாளை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு விற்க வேண்டிய ஆறு பழைய விமானங்களில் ஐந்து போய்விட்டன. ஆறாவது கொட்டகையில் நின்றது. வெளிநாட்டில் வாங்கியவர்கள் அனுப்பிய இரண்டு விமானிகள் காப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அன்று மாலை நான்கு மணிக்குள் விமானம் கைமாறினால் அந்தப் பணம் அந்த ஆண்டுக் கணக்கில் சேர்ந்து, நிறுவனம் லாபம் என்று அறிவிக்கலாம். ஒரு நாள் தள்ளிப்போனாலும் நஷ்டம். தலைவர் பத்திரிகைக்காரர்களிடம் அரைகுறையாக வாயைவிட்டும் இருந்தார். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று: விமானம் பறக்கத் தகுதியானது என்ற சான்றில் அக்காவின் கையெழுத்து.

கையெழுத்துக்கு முன்னால் கருவிகளை எண்ணுவது கொட்டகை வழக்கம். ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் அதன் உருவம் கறுப்பாக வரையப்பட்டிருக்கும். கருவியை அதன்மேல் மாட்டினால் கறுப்பு மறைந்துவிடும். அன்று மதியம் ஒரு மணிக்கு ஒரு கறுப்பு மறையவில்லை. பத்து மில்லிமீட்டர் ஸ்பேனர், சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் பெரியது, சந்தையில் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைகூட இல்லாதது. முந்தைய இரவு முழுக்க அந்த விமானத்தின் தரைப் பலகைகளைத் திறந்து, விமானத்தைத் திருப்பும் கம்பிகள் ஓடும் பள்ளத்தில் வேலை நடந்திருந்தது. ஸ்பேனர் அங்கே விழுந்து கிடந்தால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். நடுவானில் உருண்டு போய்க் கம்பியில் சிக்கிக்கொண்டால் விமானி எவ்வளவு திருப்பினாலும் விமானம் திரும்பாது.

இரவு வேலை பார்த்த அத்தனை பேருக்கும் போன் போட்டோம். எடுத்தவர்கள் எல்லாரும் இல்லை என்றார்கள். ஒருவர் எடுக்கவே இல்லை. அக்கா தரைப் பலகைகளை மறுபடி திறக்கச் சொன்னார்.

இரண்டே முக்காலுக்கு நிதி இயக்குநர் வந்தார். கொட்டகைக்குள் அவர் கால் வைத்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பளபளக்கும் காலணியோடு எண்ணெய்க் கறைகளைத் தாண்டித் தாண்டி வந்து நின்றார்.

"மேடம், ஒரு ஸ்பேனருக்காக ஒரு வருஷக் கணக்கையே நிறுத்துவீங்களா?"

"ஸ்பேனர் எங்க இருக்குன்னு சொல்லுங்க சார். இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

"விக்கிற விமானம்தானே. நம்ம பயணி யாரும் அதுல ஏறப் போறதில்லையே."

"ஓட்டிட்டுப் போறவங்க ரெண்டு பேரு அங்க காப்பி குடிச்சிட்டு இருக்காங்க. போய்ச் சேர்ற ஊர்ல நூத்தி எண்பது பேரு ஏறுவாங்க. அவங்க வீட்லயும் சாயங்காலம் யாராவது காத்துட்டு இருப்பாங்கல்ல?"

அவர் விடவில்லை. கையெழுத்துப் போடும் உரிமம் உள்ள இன்னொருவரான துணைப் பொறியாளரைத் தனியே அழைத்துப் பேசினார். இருவரும் திரும்பி வரும்போது நிதி இயக்குநரின் முகம் மட்டும் சிவந்திருந்தது. "அவங்க போடாத எடத்துல நான் எப்படி சார் போடுறது?" என்று கேட்டாராம். துணைப் பொறியாளரே, உங்களுக்கும் ஒரு மடல் பிற்பாடு உண்டு.

நான்கு மணி அடித்தது. விமானம் போகவில்லை. நிறுவனம் நஷ்டம் என்று அறிவித்தது. அந்த ஆண்டறிக்கையின் நாற்பத்தேழாம் பக்கத்தில், 'பராமரிப்புப் பிரிவில் ஏற்பட்ட தவிர்த்திருக்கக்கூடிய காலதாமதம்' என்று ஒரு வரி இருக்கிறது. அக்காவின் மகள் அதைப் படித்துவிட்டு, "அம்மா, உன்னப் பத்தி புஸ்தகத்துல வந்திருக்கு, பேரைத்தான் காணோம்" என்று சொன்னாளாம். அந்த வீட்டில் எல்லாருக்கும் வாய் கொஞ்சம் நீளம்.

ஸ்பேனர் கிடைத்ததா என்று புதிதாய்ச் சேர்ந்தவர்கள் கேட்பீர்கள். கிடைத்தது. விமானத்துக்குள் கிடைத்திருந்தால் அக்காவைத் தோளில் தூக்கிக்கொண்டு கூத்தாடியிருப்போம். அது கிடைத்தது ஒரு துவைக்கும் இயந்திரத்துக்குள். மறுநாள் காலை ஆறரைக்கு எங்களில் ஒருவருடைய மனைவி, "மெஷின்ல என்னமோ கடகடன்னு அடிக்குது, வந்து பாரு" என்று அவரை எழுப்பியிருக்கிறார். கால்சட்டைப் பையிலேயே வீட்டுக்குப் போயிருந்தது ஸ்பேனர். இரவு வேலை முடிந்த அசதியில் போனை அணைத்துவிட்டுத் தூங்கிப் போயிருந்த மனிதர், ஈர ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி ஏழு மணிக்குக் கொட்டகைக்கு ஓடி வந்தார். யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே அக்காவிடம் நீட்டினார்.

அந்தக் காலையை எங்களால் மறக்க முடியாது. விமானம் வயிறு திறந்து கிடந்தது. அதற்குள் தேடித் தேடி முழங்கால் வீங்கிப் போனவர்கள் ஒன்பது பேர். எல்லாரும் அவரைப் பார்த்த பார்வையில் அவர் சாம்பலாகியிருக்க வேண்டும். அக்கா ஸ்பேனரை வாங்கித் துடைத்தார், பலகையில் மாட்டினார், எங்களைத் திரும்பிப் பார்த்தார். "தரையை மூடுங்கப்பா. சாயங்காலம் இதை அனுப்பணும்" என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே விமானம் போனது, பணமும் வந்தது. ஒரு காசு குறையாமல் வந்த அந்தப் பணம்தான் இந்த ஆண்டு லாபக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. போன வருட நஷ்டத்துக்குப் பராமரிப்புப் பிரிவு காரணம் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்த வருட லாபத்துக்கு அதே பிரிவு காரணம் என்று எழுதக் கை வரவில்லை.

நிர்வாகம் விசாரணை வைத்தது. விமானம் நன்றாகத்தானே இருந்தது, வீணாக நிறுத்திவிட்டீர்களே என்பது முதல் கேள்வி. "நல்லா இருந்துச்சுன்னு இன்னிக்குத் தெரியுது. அன்னிக்கு மூணு மணிக்கு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது" என்றார் அக்கா. கருவியை வெளியே எடுத்துப் போனவர் யார் என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு அவர் பதிலே சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கோபத்தோடு நாங்களே போய்க் கேட்டோம். புதிய விமானங்கள் வந்தால் ஆட்கள் குறைவாகப் போதும் என்று ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. பெயர் மேலிடத்துக்குப் போனால் ஸ்பேனரைக் கொண்டுவந்தவரின் வேலை போவது நிச்சயம் என்று எங்களுக்கும் தெரியும். அக்கா சொன்ன காரணம் அதைவிடப் பெரியதாக இருந்தது.

"அவன் நினைச்சிருந்தா அந்த ஸ்பேனரைக் குப்பைத் தொட்டியில போட்டுட்டுப் பேசாம இருந்திருக்கலாம். ஓடி வந்து சொன்னான். இன்னிக்கு அவன் பேரை நான் குடுத்தா நாளைக்கு உங்கள்ல எவன் வந்து சொல்லுவான்? எவனும் சொல்லலைன்னா நான் எதை நம்பிக் கையெழுத்துப் போடுறது?"

அதன்பிறகு நாங்கள் கேட்கவில்லை. நிர்வாகம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாதத்துக்கு ஒன்றாகப் பதினான்கு நினைவூட்டல் கடிதங்கள் வந்தன. பதினான்குக்கும் அக்கா ஒரே பதிலைத்தான் எழுதினார்: 'கருவி கிடைத்தது. விமானம் நலம்.' இந்தத் திமிர் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

தண்டனையாக அவரைக் கொட்டகையிலிருந்து உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை, ஒரு மேசை, கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். கடைசி ஆண்டை அங்கே தூங்கிக் கழிப்பார் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவரோ அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரத்திலேயே ஒரு பித்தளை வில்லைப் பெட்டியோடு வெளியே வந்தார். கருவி எடுப்பவர் தன் எண் பொறித்த வில்லையை அது இருந்த இடத்தில் மாட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பலகையைப் பார்த்தாலே எது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். முன்பு வேலை முழுதும் முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை எண்ணினோம். அந்த வழக்கத்தின் ஓட்டை வழியாகத்தான் ஸ்பேனர் வீட்டுக்குப் போனது. இப்போது ஒரு கூட்டம் போய் மறு கூட்டம் வரும் ஒவ்வொரு தடவையும் எண்ணுகிறோம். போன மாதம் முதல் புதிய விமானம் வந்து, அமைச்சர்களும் புகைப்படக்காரர்களும் சூழ்ந்து நின்ற நேரத்தில், மின்பணிப் பெண் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "என் டார்ச்சைக் காணோம், விமானத்த எடுக்காதீங்க" என்று சொன்னாள். இருபது நிமிடம் எல்லாரும் வெயிலில் நின்றார்கள். டார்ச் சக்கரக் குழியில் இருந்தது. அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் சும்மா விட்டிருக்க மாட்டோம்.

அக்கா, இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறோம். இனி வருவது உங்களுக்குப் பிடிக்காது.

நேற்று உங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. பெயரைச் சொல்லாததால் விசாரணை நிலுவையில் இருக்கிறதாம். நிலுவையில் இருப்பதால் உங்கள் ஓய்வுக்காலத் தொகை முழுவதும் நிறுத்தி வைக்கப்படுகிறதாம். அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, "விழாவுல இதைப் பத்தி யாரும் மூச்சு விடக்கூடாது" என்று எங்களுக்கு உத்தரவு போட்டீர்கள். முப்பத்து நான்கு ஆண்டுகளில் உங்கள் உத்தரவை நாங்கள் மீறியதில்லை. இன்று மீறுகிறோம்.

இந்த மடலை எழுத உணவறையில் கூடியபோது, எங்கள் தகடு வேலைக்காரர் எழுந்து நின்றார். எந்த வேலைக்கும் அவசரப்பட்டதே இல்லை என்பதால் அவருக்கு 'அவசரம்' என்றே பெயர் வைத்திருக்கிறோம். "எழுதுறதா இருந்தா முழுசா எழுதுங்க. என் பேரையும் போடுங்க" என்றார்.

துணைப் பொறியாளர் தடுத்தார். "யோசிச்சுப் பேசுப்பா. அந்தப் பட்டியல் இன்னும் மேசை டிராயர்லதான் இருக்கு. வீட்டுக் கடன் இன்னும் ஏழு வருஷம் இருக்குன்னு நீதானே சொன்ன?"

"இருக்கட்டும். அவங்க எனக்காக ஒரு வருஷத்துக்கு மேல ஜன்னல் இல்லாத ரூம்ல உக்காந்திருக்காங்க. இப்போ அவங்க காசையும் புடிச்சு வெச்சுக்கிட்டாங்க. நான் இன்னும் வாயை மூடிட்டு இருந்தா நான் மனுஷனா?"

"வீட்ல சொல்லிட்டியா?"

"அவதான் முதல்ல சொன்னா. நீ போய்ச் சொல்றியா, இல்ல நான் போய்ச் சொல்லட்டுமான்னு கேட்டா."

அவர்தான் இப்போது மூன்றாம் வரிசையில் எழுந்து நிற்கிறார். திரும்பிப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் அவர் மனைவி. அவர்களைச் சுற்றிலும் நிற்பவர்கள் நாங்கள்.

நிர்வாகத்தாரே, உங்களுக்கும் ஒரு சொல். நம் கட்டடத்தின் ஒவ்வொரு நடைவழியிலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தாள் தொங்குகிறது. தவறு செய்தவர் தானே முன்வந்து சொன்னால் அவர்மீது நடவடிக்கை இல்லை என்று அதில் அச்சிட்டிருக்கிறது. அடியில் தலைவரின் கையெழுத்து இருக்கிறது. எங்கள் அக்கா தெரியாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட மாட்டார். உங்கள் தலைவர் போட்டது எப்படிப்பட்ட கையெழுத்து என்று இந்த வாரத்துக்குள் எங்களுக்குத் தெரிந்துவிடும். இவரை அனுப்ப வேண்டும் என்று நினைத்தால் முதலில் அந்தச் சட்டங்களை எல்லாம் சுவரிலிருந்து கழற்றுங்கள். மொத்தம் பதினாறு இருக்கின்றன. ஏணி வேண்டுமானால் கொட்டகையில் கேளுங்கள், வில்லை மாட்டிவிட்டுத் தருகிறோம்.

புதிய விமானங்கள் இருபத்து நான்கும் வரட்டும். வரவேற்கிறோம். ஆனால் அவற்றைப் பறக்க வைப்பது திரையில் காட்டும் மேகம் அல்ல என்பதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'காணோம்' என்று பயமில்லாமல் சொல்லும் ஒரு வாயும், அதைக் கேட்டு நிறுத்தும் ஒரு கையும் இருக்கும் வரைதான் எந்த விமானமும் விமானம்.

அன்பிற்கும் அஞ்சாமைக்கும் அடையாளமான அக்கா அவர்களே! நீங்கள் சொல்லாமல் காத்ததை நாங்கள் சொல்லிவிட்டோம். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. திட்டுவதாக இருந்தால் நாளைக் காலை வந்து திட்டுங்கள். வாயிற்காவலரிடம் சொல்லி வைத்திருக்கிறோம், அடையாள அட்டை இல்லாமலே விடுவார். உங்கள் முழங்கால் வலி தணியட்டும். கண்ணும் காதும் இன்னும் நாற்பது ஆண்டுகள் கூர்மையாய் இருக்கட்டும். ஊர் ஊராய்ப் பறந்து பாருங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து இறக்கையை முறைத்துப் பார்க்காமல் ஒரு பயணமாவது நிம்மதியாகத் தூங்குங்கள். கீழே நாங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

உங்களிடம் வேலை கற்றதில் கர்வம் கொள்ளும்,
விமானக் கொட்டகைப் பணியாளர்கள் நாற்பத்து மூவர்.

முதல் கையெழுத்து: தகடு வேலைக்காரர், பணி எண் 217.
அவருக்குக் கீழே, துணைப் பொறியாளர் தொடங்கிக் கிடங்கு எழுத்தர் வரை, மற்ற நாற்பத்து இருவர்.

நகல்: விசாரணை அதிகாரிக்கு. நீங்கள் பதினான்கு முறை கேட்ட பெயர் மேலே முதல் கையெழுத்தாக இருக்கிறது. அக்காவின் தொகையை விடுவியுங்கள்.